கிட்டார் சட்டை போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை

எதையும் ஆரம்பிக்கிற நாளைப் போல இன்பமான நாள் வேறில்லை. அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் மீன் தொட்டி கட்ட முதல் செங்கல்லை வைத்த அன்று, அதில் மீன்கள் நீந்துவதையும் நான் பார்த்துவிட்டேன். அப்புறம் இரண்டாவது செங்கல்லை வைப்பதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? மூவாரில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவர் ஒன்று என் கை எட்டிய உயரம்வரை நீலமாகவும், அதற்கு மேலே பழைய வெள்ளையாகவும் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, "கடலும் வானமுமாம்" என்று சொல்லிச் சமாளிப்பார். (தனியாக இருக்கும்போது அம்மா சொல்வது வேறு. அதை அச்சில் போட முடியாது.)

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வேலையே அடுத்தவர்களை முடிக்க வைப்பதுதான். மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. அலமாரியைப் பலகை பலகையாகப் பிரித்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். எந்தத் திருகை எந்த ஓட்டையில் முடுக்குவது என்று கூடவே ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளுக்குப் படம் வரைகிறவன் நான். எங்கெங்கோ தேசங்களில் முகம் தெரியாதவர்கள் என் படத்தைப் பார்த்து அலமாரியை மாட்டி முடித்துத் துணியும் அடுக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டு அலமாரிக்கு மட்டும் இன்னும் கதவு வரவில்லை.

இப்படிப்பட்டவனைத் தேவிகாவுக்குப் பிடித்துப்போனது அவள் தலையெழுத்து. மூவார் டவுனில் ஒரு மருந்துக்கடையில் அவள் வேலை பார்த்தாள். வராத தலைவலிக்கெல்லாம் நான் அங்கே போய் மாத்திரை வாங்கினேன். மாத்திரையை எடுத்துத் தரும்போது ஏதோ ஒரு மெட்டை மெதுவாக முணுமுணுப்பாள். அந்த மெட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் கிட்டார் செய்யும் ஆசை வந்தது. வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். வாங்குவதில் கனவு காண இடமில்லை.

அவளுடைய ஊர் சாஆ. அப்பா மாணிக்கம், செம்பனை எண்ணெய் ஆலையில் குலை பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். லாரி வந்து குலைகளைக் கொட்டும்போது ஒரே பார்வையில் இது பழம், இது காய் என்று ஒதுக்கித் தள்ள வேண்டும். வேலையிலிருந்துதான் அவர் ஓய்வு பெற்றார், கண் ஓய்வு பெறவில்லை என்று தேவிகாவே சொல்லியிருந்தாள். என்னைப் பற்றி அவள் வீட்டில் பேச்செடுத்த மறுவாரம் கடைக்குப் போனேன். அன்றைக்கு முணுமுணுப்பு இல்லை.

"அப்பா ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு," என்றாள். "அந்தப் பையன் ஆரம்பிச்சதுல ஏதாச்சும் ஒன்ன முடிச்சிருக்கானான்னு."

"நீ என்ன சொன்ன?"

"கிட்டார் செய்றாங்க, முடியப்போவுதுன்னு சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவும் அம்மாவும் உங்க வீட்டப் பாக்க வர்றாங்க. தட்டு கார்லயே இருக்கும். அப்பாவுக்குப் புடிச்சா உள்ள வரும். இல்லாட்டி அப்படியே சாஆவுக்குத் திரும்பிடும்."

வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்த தாம்பாளத்தைத்தான் சொல்கிறாள். அது எங்கள் வீட்டுக்குள் வந்து அம்மா கைக்கு மாறினால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். ஆக, என் வாழ்க்கை ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஏறி மூவாருக்கு வரப்போகிறது. அது உள்ளே வருமா, திரும்பிப் போகுமா என்பது அந்தக் கிட்டாரின் கையில்தான் இருந்தது.

நல்ல வேளையாக, கிட்டார் உண்மையிலேயே முடியும் நிலையில் இருந்தது. தொழிற்சாலையில் ஒதுக்கிப் போட்ட மரத்துண்டுகளைச் சேர்த்து, கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு வருஷத்துக்கு மேலாகக் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து செதுக்கியது. வளைத்தது, ஒட்டியது, தேய்த்தது எல்லாம் நானே. ஏன் பாதியில் விடவில்லை என்று எனக்கே தெரியாது. மிச்சமிருந்தது கடைசி வேலை ஒன்றுதான். மரத்தின் நிறமும் ரேகையும் தெரிகிற மாதிரி, கண்ணாடி போலக் கெட்டியான பூச்சை ஸ்ப்ரே அடிக்க வேண்டும்.

அதற்கு ஆ ஹெங்கைப் பிடித்தேன். பள்ளிக்கூடத் தோழன். எங்கள் தொழிற்சாலையிலேயே ஸ்ப்ரே பகுதியில் வேலை. நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன், 'போலே' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். 'முடியும்', 'பரவாயில்லை', 'ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே' ஆகிய மூன்றும் அதில் அடக்கம். கம்ப்ரஸரையும் ஸ்ப்ரே துப்பாக்கியையும் இரண்டு டின்களையும் கொண்டுவந்து இறக்கினான்.

"பெரிய டின்னு பூச்சு. சின்ன டின்னு அதக் கெட்டியாக்குற மருந்து. ரெண்டையும் கலந்து அடிக்கணும். காஞ்ச பிறகு பாராங் கத்தியால கீறுனாலும் ஒன்னும் ஆவாது."

"கலக்காட்டி?"

"லேசுல காயாது, மாசக்கணக்காவும். வெயில் இருக்கிறப்ப அடி. மழை வர்ற மாதிரி இருந்தா வேணாம்."

"நீயே அடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

"நான் பொந்தியான்ல மாமியார் வீட்டுக்குப் போறேன். நீயே அடிக்கலாம், போலே லா."

சனிக்கிழமை காலையில் அப்படி ஒரு வெயில். கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்புகளைக் கட்டித் தொங்கவிட்டேன். தூசி கிளம்பாமல் தரையில் தண்ணீர் தெளித்தேன். துணி காயப்போடும் கம்பியில் கிட்டாரைத் தொங்கவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது அம்மா வாசலுக்கு வந்தார்.

"மணி என்னா?"

"ஒம்பது தாண்டிருச்சும்மா."

"ராகு காலம்டா. பத்தரைக்கு மேல ஆரம்பி."

வேறு நாளாக இருந்தால் வாதாடியிருப்பேன். அன்றைக்குத் துப்பாக்கியைக் கீழே இறக்கினேன். தட்டு விஷயம். ராகுவைப் பகைத்துக்கொள்ள எனக்கும் பயமாக இருந்தது. ஆகவே, ஸ்ப்ரே அடிப்பதற்கென்றே செய்து அனுப்பியது போன்ற அந்த வெயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். விரிப்புகளின் வழியாக வெளிச்சம் மஞ்சளாகக் கசிந்தது. கண்ணை மூடினேன். மண்டபம் தெரிந்தது. தேவிகா மைக் முன்னால் நின்று பாடினாள். பக்கத்தில் நான் இந்தக் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தேன். மாணிக்கம் முதல் வரிசையில் இருந்து எழுந்து, பழம், பழுத்த பழம் என்று எல்லாரிடமும் என்னைக் காட்டிச் சொன்னார். கைத்தட்டல் பெரிதாகிப் பெரிதாகித் தகரக் கூரைமேல் விழுந்தது.

கண்ணைத் திறந்தால் மழை. மணி சரியாகப் பத்தரை.

அன்று முழுக்க மழை. ஆற்று முகத்துப் பக்கமிருந்து கறுத்து வந்து, நிதானமாக, வேறு வேலையே இல்லாதது போலப் பெய்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் நின்றது. அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "இப்ப நல்ல நேரம்தான், அடி" என்று உத்தரவு கொடுத்தார். இரண்டு டின்னிலும் பாதியை எடுத்துக் கலந்துவிட்டு, நான் குழல் விளக்கைப் போட்டேன்.

முதல் பூச்சை அடித்ததை இப்போது நினைத்தாலும் மனசு குளிர்கிறது. துப்பாக்கியிலிருந்து பனி போல ஒரு புகை கிளம்பி மரத்தின் மேல் படர்ந்தது. அதுவரை பலகையாகக் கிடந்தது, பூச்சுப் பட்ட இடமெல்லாம் தேன் நிறத்துக்கு மாறியது. மரத்துக்குள் ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நான் செய்ததுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், கை தானாகப் போய் வந்தது. வாசனையில் தலை லேசாகக் கிறுகிறுத்தது. (முகமூடியைச் சரியாக இறுக்கவில்லை. வேறென்ன.) ஈரக் காற்றில் எல்லாம் மிதப்பது போல இருந்தது.

அப்போது விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறகு பளிச்சிட்டது. பிறகு இன்னொன்று.

மழைவிட்ட சாயங்காலத்தில் ஈசல் கிளம்பும் என்பது எங்கள் வரிசை வீடுகளில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். எல்லார் வீட்டிலும் முன் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். தெரு முழுக்க எரிந்தது என் விளக்கு ஒன்றுதான். ஊர் ஈசல் மொத்தமும் எனக்கென்றே வந்தது. நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, விசையை அணைப்பது. நான் செய்தது என்ன தெரியுமா? அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கைச் சுற்றி ஆயிரம் சிறகுகள் சுழன்றன. ஒவ்வொன்றும் வெளிச்சத்தை வாங்கி வாங்கிக் கீழே விட்டது. வெளிச்சமே துண்டு துண்டாக உதிர்வதைப் போல இருந்தது. அதற்குக் கீழே என் கிட்டார் ஈரமாகப் பளபளத்துக்கொண்டு தொங்கியது. உலகத்தில் இவ்வளவு அழகும் எனக்காகவா என்று நினைத்தேன்.

"லைட்ட அடைடா," என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினார். "மடப்பய, லைட்ட அடை."

அடைத்தேன். கைப்பேசி வெளிச்சத்தில் கிட்டாரைப் பார்த்தேன்.

"அலாமாக்," என்றேன். மலாயில் 'ஐயையோ'.

அம்மா புருவம் எடுக்கும் இடுக்கியைக் கொண்டுவந்தார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வோர் ஈசலாக எடுத்தோம். உடம்பு வந்தது. சிறகு வரவில்லை. ஆ ஹெங் தந்த சரக்கு உண்மையிலேயே உயர்ந்த சரக்கு. நாங்கள் இடுக்கியோடு போராடிக்கொண்டிருக்கும்போதே அது இறுகி, சிறகுகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. இனி பாராங் போட்டாலும் வராது. பொந்தியானுக்குப் போன் அடித்தேன்.

"உள்ள றெக்கையா இருக்கு," என்றேன்.

"எவ்வளவு?"

"மரத்தவிட றெக்க அதிகம்."

போனில் அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மாமியாராக இருக்க வேண்டும். "போலே லா," என்றான் ஆ ஹெங். "காலையில மேல இன்னொரு கோட்டு கனமா அடி. மேடு பள்ளம் தெரியாது."

ஞாயிறு காலையில் ராகு தொல்லை இல்லை. பெரிய டின்னைத் திறந்து வாளியில் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது. தேவிகாவின் செய்தி. 'கிளம்பிட்டாங்க. தட்டு கார்ல. அப்பா ஒன்னுமே பேசல. பயமா இருக்கு.' கடைசி இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எவ்வளவு தைரியமான பெண், எனக்காகப் பயப்படுகிறாள். மனசு எங்கேயோ போய்விட்டது. செம்பனைக் காடுகளுக்கு நடுவே அந்தக் கார் வருவதும், பின்பெட்டிக்குள் வாழைப்பழம் ஆடுவதும் தெரிந்தது. அப்படியே வாளியைக் கலக்கு கலக்கென்று கலக்கினேன்.

சின்ன டின்னை அன்றைக்கு நான் திறக்கவே இல்லை. இது அப்போது எனக்குத் தெரியாது. நீங்களாவது தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பூச்சு என்னவோ பிரமாதமாக இருந்தது. சிறகுகளெல்லாம் ஆழத்தில் போய், தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத் தெரிந்தன. மத்தியானம் தந்தி பூட்டும்போது விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. மூவார் வெக்கையில் எதுதான் பிசுபிசுக்காது என்று நினைத்துக்கொண்டேன். குளித்து, செம்பருத்திப் பூப் போட்ட புது பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்தேன்.

வந்தார்கள். மாணிக்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். முதலில் சுவரைப் பார்த்தார்.

"கடலும் வானமுமாம்," என்றார் அம்மா.

அவர் தலையாட்டினார். கதவில்லாத அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உச்சி முதல் பாதம்வரை ஒரே பார்வை. லாரியிலிருந்து கொட்டப்பட்ட குலைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கடைசியாகக் கிட்டாருக்கு வந்தார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, உள்ள றெக்க மாதிரி?"

"டிசைனுங்க," என்றார் அம்மா. "இப்ப வெளியூர்ல எல்லாம் இதான் பேஷன்."

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பழத்தையும் காயையும் பார்த்துப் பார்த்தே வயசான அந்தக் கண்ணுக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

"ஈசல், அங்கள்," என்றேன். "நேத்து மழை."

அம்மா கூரையைப் பார்த்தார். மாணிக்கம் சோபாவில் உட்கார்ந்தார். "சரி. ஒன்னு வாசி, கேப்போம்."

நான் எதிரில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்துக்கொண்டேன். நழுவிவிடக் கூடாதே என்று வயிற்றோடு சேர்த்து இறுக்கி அணைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே மெட்டு, மருந்துக்கடையில் கேட்டதுதான். அதையே வாசித்தேன். ஒதுக்கிப் போட்ட மரத்துக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சத்தம் மெதுவாகக் கிளம்பி, நீலத்தையும் வெள்ளையையும் தொட்டுக்கொண்டு அறை முழுக்கச் சுற்றியது. தேவிகாவின் அம்மா நிமிர்ந்து, "நம்ம புள்ள பாடுறதுல்ல இது," என்று கணவரிடம் சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். கடைசித் தந்தியை மீட்டி அது அடங்கும்வரை அப்படியே இருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததே இல்லை.

"சரவணா, பலகாரத்த எடுத்துட்டு வாப்பா," என்றார் அம்மா.

கிட்டாரை விட்டுவிட்டு எழுந்தேன். கிட்டாரும் எழுந்தது.

கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருக்க, கிட்டார் என் வயிற்றில் தானாக நின்றது. ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை.

"கிட்டார வச்சிட்டே போங்க தம்பி," என்றார் தேவிகாவின் அம்மா.

"வைக்கத்தான் பாக்குறேன், ஆண்ட்டி."

இழுத்தேன். சட்டை கூடவே வந்தது. சோபாக் கைப்பிடியில் கிட்டாரைச் சாய்த்து நான் பின்னால் நகர்ந்தேன். சோபா நகர்ந்தது. அம்மா ஓடி வந்து கிட்டாரின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். நான் அம்மாவோடு போனேன். கடைசியில் மாணிக்கமே எழுந்து வந்து, பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை பார்க்க வந்த மனிதர் ஒரு பக்கம், பெற்ற தாய் ஒரு பக்கம், நடுவில் நான். பொத்தான்கள் தெறித்தன. ஒன்று தேவிகாவின் அம்மா மடியில் போய் விழுந்தது. அவர் அதைப் பத்திரமாக மேசையில் எடுத்து வைத்தார். வேறு வழியில்லாமல் நான் சட்டையிலிருந்து நழுவி வெளியே வந்தேன்.

கிட்டார் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தது. கைகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கின. நான் பனியனோடு நின்றேன். எங்கள் இருவரில் மாப்பிள்ளை யார் என்று தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் கிட்டாரைத்தான் கைகாட்டியிருப்பார்கள்.

கிட்டாரைச் சோபாவில் சாய்த்து வைத்த மாணிக்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதிலும் ஒட்டியிருந்தது. கைக்குட்டையில் துடைத்தார், கைக்குட்டை கையிலேயே நின்றுவிட்டது. அப்படியே வெளியே நடந்து போய்ச் செருப்பை மாட்டினார். கார் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். தேவிகா வீட்டில் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவளுக்கு என்ன எழுதுவது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பனியனோடு அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

வாசலில் நிழல் விழுந்தது. மாணிக்கம் தட்டோடு நின்றார். உள்ளங்கையில் கைக்குட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதையாச்சும் முடிச்சிருக்கானான்னு கேட்டேன்," என்றார் அம்மாவிடம். "முடிக்கல. செவுரு முடிக்கல. அலமாரி முடிக்கல. இதுவும் முடிக்கல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா ஒட்டிக்கிட்டா விட மாட்டான் போல. பொண்ணக் குடுக்கிறவனுக்கு அது போதும்மா. புடிங்க."

அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக, "போய்ச் சட்டையப் போடுடா," என்று என்னை அதட்டினார். "இருக்கட்டும், இப்படியே நல்லாத்தான் இருக்கான்," என்றார் மாணிக்கம்.

மறுநாள் வந்த ஆ ஹெங், பாதி அப்படியே மிச்சமிருந்த சின்ன டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தான். சட்டையைக் கத்தரித்துத்தான் எடுக்க முடிந்தது. கிட்டாரின் முதுகுப் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூ நின்றுவிட்டது. அதைச் சுரண்ட வேண்டாம் என்று தேவிகா சொல்லிவிட்டதால், மேல் பூச்சு தானாக இறுகட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்து, இந்த முறை இரண்டு டின்னையும் கலந்து அவனே மேலே அடித்துக் கொடுத்தான். இப்போது அது பாராங்குக்கும் அசையாது. எங்கள் கல்யாணத்தில் அந்தக் கிட்டாரோடுதான் அவள் பாடினாள்.

இன்றைக்கும் தீபாவளிக்குச் சாஆவுக்குப் போகிறோம். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். நான் எழுந்தால் பேச்சு ஒரு நொடி நிற்கும். மாமனார் கொஞ்சம் எட்டி, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்ப்பார். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மறுபடியும் பேச்சு தொடரும்.